ஒழுகாத எரிமலை

அறைக் கதவில் ஓர் அட்டை தொங்கியது. ‘பிளம்பருக்கு அனுமதி இல்லை.’ சிவப்பு மை, கொட்டை எழுத்து, அடியில் இரட்டைக் கோடு. அந்த வீட்டில் மொத்தமே மூன்று பேர். ஒருத்தி பள்ளி வேன் ஓட்டுகிறவள், இன்னொருத்தி நான்காம் வகுப்பு படிக்கிறவள். ஆகவே அறிவிப்பு யாரைச் சொல்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. பிளம்பருக்கே எழவில்லை.

அவர் கையில் ஆறிப்போன டீயோடு கதவுக்கு வெளியே நின்று, உள்ளே நடப்பதைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொழிலில் பாதி, கேட்பதுதான். சுவரில் காதை ஒட்டினால் போதும், உள்ளே எந்தக் குழாய் எந்த வளைவில் கசிகிறது என்று சொல்லிவிடுவார். பேச்சுதான் வராது. போகிற வீடுகளில் மாமியார் கதை, மருமகள் கதை, பங்காளிச் சண்டை எல்லாவற்றையும் அவரிடம் கொட்டுவார்கள். அவர் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி “ம்” என்பார். அந்த “ம்”முக்காகவே நல்ல குழாயைத் திருகிக் கெடுத்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டவர்கள் உண்டு.

உள்ளே காகிதம் கிழிந்தது. மாவுப் பசை தொப்பென்று விழுந்தது.

“அப்பா, நீ வெளிய நிக்கிறது தெரியுது.”

“சும்மா நின்னேன்டா.”

“சும்மா நிக்கிறவங்க இப்படி மூச்சு விடமாட்டாங்க. போ.”

மகளுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள். ஆனால் போட்ட முதல் சத்தத்திலேயே தாதிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த ஆண்டு அறிவியல் கண்காட்சிக்கு அவள் எரிமலை செய்கிறாள். சமையல் சோடாவும் வினிகரும் கலந்தால் பொங்குகிற, எல்லாப் பள்ளியிலும் எவனாவது ஒருவன் செய்கிற, அதே எரிமலை. அதற்கு ஏன் இத்தனை காவல் என்று கேட்டால், போன ஆண்டுக்குப் போகவேண்டும்.

போன ஆண்டு மழை எப்படி உண்டாகிறது என்று காட்டுவதற்கு ஒரு மாதிரி செய்யவேண்டியிருந்தது. மற்ற பிள்ளைகள் பஞ்சை ஒட்டி மேகம் என்றார்கள். பிளம்பர் வீட்டில் அது செப்புக் குழாய், மூன்று வால்வு, அழுத்தமானி சகிதம் எழுந்து நின்றது. தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டியிருந்தது. நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற வானிலை அதிகாரி. வெயில் என்று அவர் சொன்னால் ஊரே குடை எடுத்துக்கொண்டு கிளம்பும். அப்படி ஒரு நம்பிக்கையைத் தன் பதவிக்காலம் முழுக்கச் சம்பாதித்தவர். அவர் ஒரு வால்வைத் தொட்டுக் காட்டி, “இது எதுக்கும்மா?” என்றார். மிளகு நெடுநேரம் அதையே பார்த்தாள். பிறகு, “அப்பாவைத்தான் கேக்கணும் சார்” என்றாள்.

“அப்போ பரிசையும் அப்பாவுக்கே குடுத்திடலாமா?” என்றார் அவர். கூடம் சிரித்தது. பிளம்பரும் சிரித்தார். வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தப்பு அந்தச் சிரிப்புத்தான். மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

ஆகவே இந்த ஆண்டு சட்டங்கள் முன்பே அறிவிக்கப்பட்டன. தொடக்கூடாது. பேசக்கூடாது. பெருமூச்சு விடக்கூடாது.

“பெருமூச்சு கூடவா?”

“உன் பெருமூச்சுல முழு விளக்கமும் இருக்கும்ப்பா.”

“மீறிட்டா?”

“மீறினா, நான் பத்தாவது முடிக்கிற வரைக்கும் நீ என் ஸ்கூலுக்கே வரக்கூடாது. எதுக்கும். அம்மா மட்டும் வந்தாப் போதும்.”

அவர் அன்று முழுக்க யாருக்கும் “ம்” கூடச் சொல்லவில்லை. பத்தாவது வரைக்கும் என்பது நீளமான குழாய். அதன் அந்தப் பக்கத்தில் எப்படிப்பட்ட பெண் வெளியே வருவாள் என்று அவருக்குத் தெரியாது. வருகிறவளுக்கு அவரைத் தெரிந்திருக்குமா என்பதும் தெரியாது.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. வேனுக்கு ஹார்ன் பழுதாகி வெகுநாளாயிற்று. அவள் மாற்றவில்லை, தேவைப்படவில்லை.

“ஏங்க! ஊரு பூரா குழாய் மாத்துறீங்க. இந்த வீட்டுக் குழாய் என்ன பாவம் பண்ணுச்சு?”

“நாளைக்குப் பாக்கிறேன்.”

“அந்த நாளைக்கு போன மழைக்காலத்துல கிளம்பினது. இன்னும் வந்து சேரல.”

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு பாத்திரம் நிரந்தரக் குடியிருப்பாக இருந்தது. நாலு வீடு தள்ளிக் கசிகிற குழாயைக் கண்டுபிடிக்கிற அந்தக் காதுக்கு இந்தச் சொட்டு மட்டும் கேட்பதில்லை. சம்பளம் இல்லாத சத்தம் அவர் காதில் விழாது என்பது மனைவியின் ஆராய்ச்சி முடிவு.

ஞாயிற்றுக்கிழமை எரிமலை முடிந்தது. காயவேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து வைத்துவிட்டு, மிளகு அம்மாவோடு வினிகர் வாங்கக் கடைக்குப் போனாள். போகும்போது இரண்டு விரலைத் தன் கண்ணுக்கு நேரே காட்டி, பிறகு அவர் கண்ணுக்கு நேரே காட்டினாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பார்ப்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

நல்ல மலை. வாளி உயரம். காகிதமும் மாவுப் பசையும் சேர்த்து, நடுவில் ஒரு ஜூஸ் பாட்டிலை நட்டுக் கட்டியிருந்தாள். உச்சியில் பாட்டிலின் திருகுமூடி; அதன் மேல் புகைக்காகக் கொஞ்சம் பஞ்சு. தூசி விழாமல் இருக்க மூடி வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அடிவாரத்தில் அட்டை வீடுகளால் ஓர் ஊர். பள்ளிக்கூடம் கூட இருந்தது, வாசலில் தலைமையாசிரியை கண்ணாடியோடு நின்றார். ஊர் முழுக்க மலைக்கு ஒரே பக்கத்தில் மட்டும் ஏன் இருக்கிறது என்ற கேள்வி அவர் மனதில் வந்து, உட்கார இடம் கிடைக்காமல் போய்விட்டது. ஏனென்றால் அதற்குள் அவர் ஈரத்தைப் பார்த்துவிட்டார்.

மலையின் இடுப்பிலிருந்து ஒரு மெல்லிய ஈரக்கோடு. பள்ளிக்கூடத்தின் மேல் இறங்கி, தலைமையாசிரியையின் காலைச் சுற்றி, செய்தித்தாளில் ஊறியிருந்தது.

பிளம்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தார். நாள்காட்டியைப் பார்த்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஈரக்கோடு அங்கேயே இருந்தது. சிலர் கோணலாகத் தொங்கும் படத்தைக் கடந்து போக முடியாமல் தவிப்பார்கள். இவருக்கு அது ஈரம்.

பாவம், குழந்தை. தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறாள். பாட்டிலில் எங்கோ விரிசல். நாளைக்கு எல்லார் முன்னாலும் எரிமலை உச்சி வழியாகப் பொங்காமல் இடுப்பில் ஒழுகப்போகிறது. கூடம் மறுபடியும் சிரிக்கப்போகிறது.

மூடியைத் திறந்து பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றினார். காதை வைத்தார். சொட், சொட். காகிதத் தாள் ஒன்றின் மறைவில், பாறை போல வண்ணம் அடித்த இடத்தில் இருந்து வந்தது. விரலால் தடவினால் சின்னதாய் ஒரு வாய். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. அவருடைய கை யோசித்தது. தண்ணீரைக் கொட்டி, மனைவியின் ஹேர் டிரையரால் காயவைத்து, பைப் வெடிப்புக்குப் பூசுகிற இருபொருள் பசையைப் பிசைந்து அந்த வாயில் திணித்து அடைத்தார். மேலே காகிதத் தாளை அதேபோல் மடக்கினார். மகளின் பழுப்பு வண்ணத்தை மோதிர விரலால் தொட்டு ஒற்றினார். எட்ட நின்று பார்த்தார். ஒட்டுப்போட்ட இடம் அவருக்கே தெரியவில்லை. அதுதான் அவருடைய தொழில் கர்வம். வேலை நடந்ததே தெரியக்கூடாது.

வினிகரோடு வந்த மிளகு எரிமலையைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“தொட்டியா?”

அவர் தலையை ஆட்டினார். எந்தப் பக்கமாக ஆட்டினார் என்பது ஆட்டியவருக்கே தெளிவில்லை.

“வீட்டுல ஏன் ஹேர் டிரையர் வாசனை அடிக்குது?” என்றாள் மனைவி.

“தலை காயவச்சேன்.”

மனைவி அவருடைய வழுக்கையைச் சற்று நேரம் பார்த்தாள். சொல்லவேண்டியதை எப்போது சொல்வது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் எரிமலை வேனின் முன்சீட்டில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு போனது. பிளம்பர் பின்சீட்டில், பெல்ட் இல்லாமல் போனார்.

கூடத்தில் வரிசையாக மேசைகள். சூரியக் குடும்பம் ஒன்றில் சனி கிரகம் கழன்று மேசைக்கு அடியில் உருண்டிருந்தது. பக்கத்து மேசைப் பையனின் காற்றாலையில் விளக்கு உண்மையாகவே எரிந்தது. அவன் அப்பா எலக்ட்ரீஷியன். அவரும் பிளம்பரும் ஒருவரையொருவர் பார்த்து, அறிமுகம் இல்லாதவர்கள் போலத் திரும்பிக்கொண்டார்கள்.

பெற்றோர்கள் கயிற்றுக்குப் பின்னால் நிற்கவேண்டும். நடுவர் வந்தார். அதே வானிலை அதிகாரி. வெளியே வெயில் சுட்டெரித்தது. கையில் குடை வைத்திருந்தார். தன் கணிப்பை அவரே நம்புவதில்லை போலும்.

“என்னம்மா, இந்த வருஷம் எரிமலையா?”

“ஆமா சார். ஆனா எல்லாரும் செய்யிற மாதிரி இல்ல.” மிளகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். “எரிமலைன்னா உச்சியிலதான் வெடிக்கும்னு நினைக்கிறோம். சில நேரம் மேல் வாய் இறுகி அடைச்சுப் போயிடும். அப்போ உள்ள இருக்கிற குழம்பு சும்மா இருக்காது. பக்கத்துல வழி தேடும். ஊர்க்காரங்க எல்லாம் உச்சியையே பாத்துட்டு இருப்பாங்க. அது இடுப்புல வந்து நிக்கும்.” அளவுகோலை எடுத்தாள். “இங்க. இந்தப் பாறைக்குப் பின்னால ஒரு பேனாக் குழாய் சொருகியிருக்கேன்.”

அளவுகோலின் நுனி, பிளம்பரின் மோதிர விரல் ஒற்றிய அதே இடத்தைத் தொட்டது.

அவர் அந்த விரலை மடக்கிக்கொண்டார்.

“ஏய்,” என்றார் மனைவியின் காதில். “நான் அதை அடைச்சிட்டேன்.”

“எதை?”

“அவ காட்டுறாளே, அதை.”

மனைவி திரும்பவில்லை. மகளைப் பார்த்துச் சிரித்த முகத்தோடே பேசினாள். “சமையலறைக் குழாய் ஒழுகுது. அது தெரியல. இது தெரிஞ்சிருக்கு.”

“லீக்குன்னு நினைச்சேன்.”

“போய்ச் சொல்லுங்க. போங்க.”

“சொன்னா, மறுபடியும் அப்பா கை பட்டதுன்னு ஆயிடும்.”

“சொல்லாட்டி?”

அதற்கு அவரிடம் விடை இருந்தது. மூடிய குழாயில் அழுத்தம் ஏறினால் என்ன ஆகும் என்று அந்தக் கூடத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. ஆனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் மகள் நின்ற நிற்பைப் பார்த்தார். போன ஆண்டு தோளைக் குறுக்கிக்கொண்டு நின்ற பெண் இல்லை இவள். ஒவ்வொரு சொல்லும் அவளுடையதாக இருந்தது. அந்தப் பேச்சின் நடுவே போய், “கொஞ்சம் இரும்மா” என்று எப்படி நிற்பது? அவர் கையை லேசாக அசைத்துச் சைகை காட்டினார். மிளகு அதைக் கவனித்தாள். பெருமூச்சு விடுகிறவரைப் பார்க்கிற பார்வை பார்த்தாள். அவர் கையை இறக்கினார்.

அவள் வினிகரை ஊற்றினாள். சோடாவை டிஷ்யூ காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தாள். காகிதம் ஊறிக் கிழிவதற்குள் மூடியை இறுக்கிவிடலாம் என்று விளக்கினாள். கெட்டிக்காரி. பொட்டலத்தை உள்ளே போட்டாள். மூடியைத் திருகினாள். திருகி முடித்த பிறகு, மணிக்கட்டை ஒடித்து இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். அந்தக் கடைசி இறுக்கு அவருடையது. தொட்டில் வயதிலிருந்து அவர் திருகுவதைப் பார்த்துப் பார்த்து வந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மற்றவர்களுக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை. பிளம்பருக்குக் கேட்டது. முதலில் மெல்லிய இரைச்சல். பிறகு இரைச்சல் சன்னமாகி, மேலே ஏறி, நின்றுவிட்டது. வெளியே போக வழியில்லாத ஒன்று, கத்துவதை நிறுத்திவிட்டுத் தோள் கொடுத்து முட்டத் தொடங்குகிற அமைதி. அவர் வாழ்நாளெல்லாம் கேட்ட அமைதிகளில் அதுதான் மோசமானது.

“வெடிக்கலையே,” என்றான் காற்றாலைப் பையன், மகிழ்ச்சியாக.

நடுவர் குனிந்து பார்த்தார். மிளகும் குனிந்தாள். பாறையில் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, உள்ளே எட்டிப் பார்த்தாள். காகிதத் தோலில் மெல்ல ஒரு கீறல் ஓடியது.

பிளம்பர் கயிற்றைத் தாண்டவில்லை, கயிற்றோடு போனார். கயிறு கட்டியிருந்த நாற்காலிகளும் கூடவே வந்தன. மகளை இடுப்பில் பிடித்து ஒரு பக்கம் தள்ளி, மலையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மூடியில் கைவைத்தார். பாதித் திருப்பு. அவ்வளவுதான் அது கேட்டது.

மூடி பஞ்சோடு பறந்து கூரையில் இருந்த மின்விசிறியில் பட்டு, சூரியக் குடும்பத்தில் விழுந்து வியாழனை வீழ்த்தியது. சிவப்பு நுரை அவர் மோவாயில் மோதி, மூக்கில் ஏறி, சட்டைக்குள் இறங்கியது. கூடம் முழுக்க வினிகர் நெடி. நடுவர் மட்டும் நனையவில்லை. சரியான நொடியில் குடையை விரித்திருந்தார். பல ஆண்டுச் சேவையில் அவருடைய முதல் சரியான கணிப்பு.

குடை மெல்ல இறங்கியது. “யாருய்யா நீங்க?”

“இவ அப்பா சார்,” என்றார் பிளம்பர், எரிமலையைக் கட்டிக்கொண்டபடியே.

“ஓ! போன வருஷத்து வால்வு!” நடுவரின் முகம் மலர்ந்தது. “அப்போ இதுவும் அப்பா கைவேலைதானா?”

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. மிளகு சிரிப்பு வரும் பக்கம் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். போன ஆண்டு இதே இடத்தில் அவர் என்ன செய்தார் என்று அவளுக்கு நினைவிருந்தது. இந்த முறை என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தாள்.

பிளம்பர் சிரிக்கவில்லை. “இல்ல சார். கெடுத்தது மட்டும்தான் நான்.”

“கெடுத்ததா?”

“இவ ஒரு குழாய் வச்சிருந்தா. நான் யாருக்கும் தெரியாம அடைச்சிட்டேன்.”

“பிளம்பர்தானேய்யா நீங்க? குழாயைப் போய் அடைப்பீங்களா? அது எதுக்கு வச்சதுன்னு தெரியாதா?”

நுரை அவர் புருவத்திலிருந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல் நின்றார்.

“தெரியாது சார். பொண்ணைத்தான் கேக்கணும்.”

நடுவர் மிளகு பக்கம் திரும்பினார். அவள் அளவுகோலை எடுத்தாள். மலையைக் காட்டுவதற்குப் பதிலாக அதை அப்பாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

“தொட்டியான்னு கேட்டேன்ல?”

“கேட்ட.”

“தலையை எப்படி ஆட்டின?”

“ரெண்டு பக்கமும் ஆட்டினேன்.”

“ஈரமா இருந்தா உடனே அடைச்சிடுவியா? யாரையும் கேக்க மாட்டியா? அது ஒழுகல் இல்லப்பா!” குரல் உடைந்தது, உடைந்த குரலிலேயே முடித்தாள். “அதுதான் எரிமலை!”

அதன் பிறகு அவள் மூச்சு விடாமல் பேசினாள். பேனாக் குழாய் ஏன் வினிகர் மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும், காற்று நுரையை எப்படித் தள்ளும், ஊர் ஏன் இந்தப் பக்கத்தில் மட்டும் இருக்கிறது, தலைமையாசிரியை ஏன் வாசலில் நிற்கிறார் (“அவங்க கடைசியாத்தான் வெளிய வருவாங்க சார், பிள்ளைங்க எல்லாம் போன பிறகு”). அடைத்த மலையில் என்ன நடந்தது என்பதையும் விளக்கினாள். அதற்கு அப்பாவின் சட்டையையே சான்றாகக் காட்டினாள். நடுவர் குடையை மடக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் பரிசு காற்றாலைக்குப் போனது. அதன் அப்பா மாட்டிக்கொள்ளவில்லை. மிளகுக்கு இரண்டாம் பரிசு. பரிசு கொடுக்கும்போது நடுவர் அவளிடம், “அப்பாவைப் பத்திரமா பாத்துக்கம்மா” என்றார்.

வேனில் யாரும் பேசவில்லை. எரிமலை இருந்த முன்சீட்டில் மிளகு. பின்சீட்டில் காய்ந்துகொண்டிருந்த பிளம்பர். மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு கை, ஸ்டியரிங்குக்கு ஒரு கை என்று மனைவி ஓட்டினாள். அவருக்கு அமைதி பழக்கம்தான். ஆனால் இந்த அமைதியில் காதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வெகுதூரம் போன பிறகு கேட்டார். “பத்தாவது வரைக்கும்னு சொன்னது…?”

“யோசிக்கிறேன்.”

“தலை காயவச்சாராம்,” என்றாள் மனைவி, அந்த வார்த்தைக்கென்று நேற்றிலிருந்து காத்திருந்தவள்.

வீட்டுக்கு வந்ததும் மிளகு நேராகச் சமையலறைக்குப் போனாள். சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தாள். அப்பாவின் பையிலிருந்து இரண்டு கையாலும் ரெஞ்சைத் தூக்கினாள்.

“இதை நான் மாத்தப்போறேன். நீ கையைப் பின்னால கட்டிட்டு இங்க நிக்கணும். தொடக்கூடாது, பேசக்கூடாது…”

“பெருமூச்சு?”

“விடக்கூடாது. நின்னுட்டா, அடுத்த வருஷம் ஸ்கூலுக்கு வா.”

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் நாற்காலியில் ஏறி ரெஞ்சைக் குழாயில் மாட்டினாள். வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்துகிற மெயின் வால்வு கதவுக்குப் பின்னால் இருந்தது. அதை அவள் மூடவில்லை. அது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தது நெஞ்சுவரை வந்தது, தொண்டைவரை வந்தது. ஒரு விரலை இன்னொரு விரல் பிடித்துக்கொண்டது. அவள் திருகினாள். இன்னும் திருகினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

குழாய் கையோடு வந்தது. தண்ணீர் கூரையைப் போய்த் தொட்டது.

“ஐயோ! என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?” என்று வேனிலிருந்தே கேட்டது மனைவியின் குரல்.

மிளகு உள்ளங்கையால் பொத்தினாள். தண்ணீர் நாலா பக்கமும் பிரிந்து, அலமாரி, அடுப்பு, இரண்டாம் பரிசு எல்லாவற்றையும் நனைத்தது. அவர் அசையவில்லை. சட்டையிலிருந்த சிவப்பு கரைந்து காலுக்கு ஓடியது. கை பின்னால் இருந்தது. பெருமூச்சு கூட இல்லை.

“அப்பா! ஏதோ வால்வை மூடணும், அதானே? ஏன் சொல்லல? பேசுப்பா, இப்போ பேசலாம்!”

அவர் ஒரு கண்ணைத் திறந்து மேலே பொங்குகிற தண்ணீரைப் பார்த்தார்.

“ஒழுகல்னு தெரியலடா,” என்றார். “எரிமலைன்னு நினைச்சேன்.”